லக்ஷ்மணனுக்கு அட்மிஷன்

லக்ஷ்மணனின் மீசையைப் பற்றி நசீராவுக்கு ஆரம்பத்திலிருந்தே நல்ல அபிப்பிராயம் கிடையாது. அது மூக்குக்குக் கீழே தொடங்கி, கன்னத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டு, தாடியோடு சேர்ந்து காதுவரை போயிருந்தது. அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவனுக்கு எதற்கு இத்தனை பெரிய மீசை, இரும்புத் தூளை வடிகட்டவா என்று உதவிக்கு இருந்த பூரணியிடம் கேட்டிருக்கிறாள். ஆனால் அவன் மகள் மைத்ரேயிக்கு அதுதான் கைப்பிடி. சாயங்காலம் அப்பாவைக் கண்டதும் இரண்டு கையாலும் அதைப் பற்றிக்கொண்டுதான் அவன் இடுப்பில் ஏறுவாள்.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது அந்தக் கிரீச். தவழ்கிற பருவத்திலிருந்து இரண்டு வயதுவரை உள்ளவர்களின் அறைக்கு நசீராதான் பொறுப்பு. யாரை முதுகில் தட்டினால் தூங்கும், யாருக்குக் காது மடலைத் தடவ வேண்டும், யார் அழுகை பசி, யார் அழுகை வெறும் நாடகம் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. பெற்றோர்களையும் அவள் கிட்டத்தட்ட அதே கணக்கில்தான் வைத்திருந்தாள். மூக்கைத் துடைத்துவிடுவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மைத்ரேயியைக் காலையில் கொண்டுவந்து விடுவது லக்ஷ்மணனின் அப்பா நல்லுசாமி. பொன்மலை ரயில்வே பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவர். முழு வழுக்கை, மழித்த முகம். ஒரு நாள் இரவு சாப்பிட்டுப் படுத்தவர் மறுநாள் எழுந்திருக்கவில்லை.

கருமாதி அன்று வீடு நிறைய ஆட்கள் என்பதால் குழந்தையைக் கிரீச்சில் விட்டிருந்தார்கள். அம்மா மண்டபம் படித்துறையில் நாவிதர் லக்ஷ்மணனின் தலையையும் மீசையையும் தாடியையும் ஒரேயடியாக எடுத்துவிட்டார். அந்த ரோட்டில் மொட்டைத் தலைகளுக்குப் பஞ்சமில்லை. நாள் முழுக்க ஈர வேட்டியோடு போய்க்கொண்டிருப்பார்கள். அதனால் சாயங்காலம் வாசலில் ஒரு மொட்டைத் தலை நின்றபோது நசீரா முதலில் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்ததும் கையிலிருந்த பால் பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"மைத்தி, வாடா தங்கம்" என்றான் லக்ஷ்மணன்.

மைத்ரேயி நிமிர்ந்து பார்த்தாள். குரல் வந்த வாயைப் பார்த்தாள். பிறகு நசீராவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறினாள். அவன் பேசப் பேச அலறல் ஏறியது. கடைசியில் அவன் மனைவி ப்ரியம்வதா பேங்க்கிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து தூக்கிக்கொண்டு போனாள்.

வீட்டிலும் அதே கதை. அவன் அறைக்குள் நுழைந்தால் குழந்தை அடுத்த அறைக்குப் போய்விடுகிறது. ப்ரியம்வதாவால் குளிக்கக்கூட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவள் பயிற்சிக்குச் சென்னைக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் பதவி உயர்வு கைநழுவிவிடும். அவள் திரும்பி வரும்வரை லக்ஷ்மணனும் குழந்தையும் தனியாக இருக்க வேண்டும்.

"டிக்கெட்டை கேன்சல் பண்ணிடவா மிஸ்?" என்று அவள் வாசலில் நின்று கேட்டாள்.

"அவசரப்படாதீங்கம்மா. தம்பியும் ஏதாவது முயற்சி பண்ணட்டும்" என்றாள் நசீரா.

தம்பி முயற்சி பண்ணினான். மறுநாள் சாயங்காலம், தெப்பக்குளம் பக்கம் பள்ளிக்கூட நாடகங்களுக்கு வேஷ சாமான் விற்கிற கடையில் ஒரு மீசை வாங்கி ஒட்டிக்கொண்டு வந்து நின்றான். கட்டபொம்மன் அளவுக்கு இருந்தது. பூரணி துணி மடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஆனால் மைத்ரேயி நின்றாள். யோசித்தாள். நாலு எட்டு நடந்து கிட்டே வந்தாள். லக்ஷ்மணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். அவள் இரண்டு கையாலும் மீசையைப் பற்றினாள். மீசை அவள் கையோடு வந்துவிட்டது.

அவள் மீசையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், கம்பளிப்பூச்சியை உதறுவதுபோல் அதை உதறிவிட்டுக் கத்தினாள். கீழே மருந்துக் கடைக்காரர் என்னமோ ஏதோ என்று மாடிக்கு ஓடிவந்தார். இதற்குள் சித்தார்த்தன் என்ற குண்டுப் பையன் மீசையை எடுத்து வாயில் போட்டுக்கொள்ள, நசீரா விரலை விட்டுத் தோண்டி எடுக்க வேண்டியதாயிற்று.

"தம்பி, இப்படி உக்காருங்க" என்றாள், ஈர மீசையைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு. "உங்க முகம் இப்ப ஐயாவோட முகம். குரல் உங்க குரல். பாப்பாவுக்கு ரெண்டு பேரையும் தெரியும். இப்படி ஒண்ணா ஒருத்தரைத் தெரியாது."

"அதுக்கு நான் என்ன மிஸ் பண்றது?"

"புதுசா வர்ற பிள்ளைங்களை என்ன பண்ணுவோம்? மூலையில உக்கார வெப்போம். அதுவா பழகும். நாளையிலருந்து பட்டறைக்கு லீவு சொல்லிட்டு வாங்க. உங்களுக்கு அட்மிஷன்."

மறுநாள் காலையில் அவன் வந்ததும் பூரணி வழி மறித்தாள். "டயபர் பை எங்க சார்? மாத்து டிரஸ்? தண்ணி பாட்டில்ல பேரு எழுதியிருக்கா?"

"தம்பியை விடுடி" என்ற நசீரா, பொம்மை அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு பாயைக் காட்டினாள். "இதான் உங்க இடம். கூப்பிடக் கூடாது, தூக்கக் கூடாது, அவ கண்ணைப் பாக்கக் கூடாது. பேசணும்னா எங்ககூடப் பேசுங்க."

லேத் ஓட்டுகிற ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் எவ்வளவு இடம் அடைப்பான் என்பதை அந்த அறை அன்றுதான் கண்டது. மைத்ரேயி நசீராவின் புடவைக்குப் பின்னாலேயே நாளை ஓட்டினாள். மற்றவர்களுக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. புதிதாக முளைக்கத் தொடங்கியிருந்த முடி பிரஷ் மாதிரி இருந்தது. ஒவ்வொருவராக வந்து உள்ளங்கையால் தேய்த்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். சித்தார்த்தன் மட்டும் போகவில்லை. மடியிலேயே குடியேறிவிட்டான்.

"வீட்டுச் சொந்தக்காரி வரலைன்னா மடியை வாடகைக்கு விட்டுட வேண்டியதுதான்" என்றாள் நசீரா, எல்லோருக்கும் கேட்கும்படி.

மத்தியானம் பருப்பு சாதம் ஊட்டி, வாய் துடைத்து, ஒவ்வொருவராகத் தட்டித் தூங்க வைத்தார்கள். மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. லக்ஷ்மணன் மெதுவாகச் சொன்னான்:

"கண்ணாடி முன்னாடி போகவே முடியல மிஸ். அப்பா நிக்கிறார்."

நசீரா ஒரு குழந்தையின் போர்வையைச் சரி செய்தாள். "அன்னிக்கு நீங்க வாசல்ல வந்து நின்னப்ப எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. பழக்க தோஷத்துல உங்க சட்டைப் பையைப் பாத்தேன். ஐயா எனக்குத் தெரியாம கடலை மிட்டாய் கொண்டு வருவார்ல. எத்தனை நாள் சண்டை போட்டிருக்கேன்."

லக்ஷ்மணன் சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. நசீரா எழுந்து, குழந்தைகளுக்கு வைத்திருந்த துண்டுகளில் ஒன்றை எடுத்து அவனிடம் கொடுத்தாள். அதில் வாத்துப் படம் போட்டிருந்தது.

அடுத்த நாளும் அப்படியே போயிற்று. மைத்ரேயி அலமாரிவரை வந்தாள், நின்றாள், திரும்பிப் போனாள். சித்தார்த்தன் மடியில் இருந்தபடியே அவளுக்குக் கையாட்டினான். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது. ப்ரியம்வதா போன் செய்து, என்ன செய்யட்டும் என்று கேட்டாள். நசீரா பதில் சொல்ல வாயெடுத்த நேரம், மைத்ரேயி விறுவிறுவென்று அலமாரியைத் தாண்டி நடந்தாள். சித்தார்த்தனின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள். ஒரே இழுப்பு. அவன் பாயில் உருண்டான். அவள் திரும்பி, அப்பாவின் மார்புக்கு முதுகைக் கொடுத்து, மடியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அவன் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. எதிரே இருந்த சுவரை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ்" என்றான் லக்ஷ்மணன், உதடு அசையாமல். கைகள் இரண்டும் அந்தரத்தில் இருந்தன. "பிடிச்சுக்கலாமா?"

"தொடாதீங்க. அவ நாற்காலியில உக்காந்திருக்கா. நாற்காலி பேசாது."

நாற்காலி பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மைத்ரேயியே ஒரு கையை எட்டிப் பிடித்து இழுத்துத் தன் வயிற்றின்மேல் போட்டுக்கொண்டாள். அது போதாது என்று இன்னொன்றையும் இழுத்தாள். அவன் குனிந்து அவள் தலையில் முகத்தை வைத்தான். உச்சி நனைந்ததும் அவள் எரிச்சலோடு துடைத்துக்கொண்டாள். எழுந்திருக்கவில்லை.

நசீரா போனை மறுபடி காதில் வைத்தாள். "கேன்சல் பண்ண வேண்டாம்மா. பெட்டியைக் கட்டுங்க."

அப்படியே, முதுகைக் கொடுத்தபடியே, அவன் கையில் அவள் படியிறங்கிப் போனாள். இத்தனை நாளும் நசீராவின் புடவையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரு டாட்டா உண்டா அக்கா? நன்றி கெட்ட ஜென்மம்" என்றாள் பூரணி.

பாயில் உருட்டப்பட்ட சித்தார்த்தன் இன்னும் அழுதுகொண்டிருந்தான். நசீரா அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, காலியான பாயைக் காலால் சுருட்டினாள்.

"அவ போகட்டும்டி. இவனுக்குப் பால் சூடு பண்ணு. வீடு பறிபோன மனுஷன்."