மேலே என்றால் எந்தப் பக்கம்

"மேலேன்னா மேலேதான், அதுல என்ன—"

"மேலேன்னா மலைப்பக்கம், யெல்பா. மலைப்பக்கம்! கொஞ்சம் தலையை நிமித்திப் பாருங்க, அதோ—"

"நான் எதுக்கு நிமித்தணும்? காலையில சூரியன் எங்கேருந்து ஏறி வருது? அது மேல. சாயங்காலம் எங்க இறங்குது? அது கீழ. இதுகூடவா ஒரு ஊருக்குத் தெரியாது?"

"சூரியனைக் கேட்டா முகவரி எழுதினீங்க? மனுஷங்களைக் கேட்டிருக்கலாமே. பக்கத்துலயே நான் உக்காந்து—"

"உக்காந்து குடல் சூப்பை உறிஞ்சிக்கிட்டிருந்தே!"

"உறிஞ்சும்போதும் காது கேக்கும்!"

நான் என் காபியை மேசையின் ஓரத்துக்கு நகர்த்திக்கொண்டேன். யெல்பா சண்டை போட்டால் கையில் கரண்டியோடுதான் போடுவாள், அதில் எப்போதும் ஏதாவது சொட்டிக்கொண்டிருக்கும்.

அன்று காலையில்தான் குடியேற்ற அலுவலகத்திலிருந்து போன் வந்திருந்தது. நீங்கள் கொடுத்த முகவரிக்கு ஆள் போய்ப் பார்த்தாயிற்று, அங்கே அப்படி ஒருவரும் குடியில்லை, வெள்ளிக்கிழமை சாட்சியோடு வந்து விளக்கம் சொல்லுங்கள் என்று. அதைக் கேட்டதிலிருந்து அவள் உப்புப் போட்ட பாத்திரத்திலேயே மறுபடி உப்புப் போட்டுக்கொண்டிருந்தாள்.

யெல்பா பக்கத்து நாட்டுத் தலைநகரான மனாகுவாக்காரி. எல்லை தாண்டி எங்கள் கோஸ்தா ரீக்காவுக்கு வரும்போது தலைமுடி முழுக்கக் கறுப்பு. வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடத் தேதி தவறாமல் தன் அனுமதியைப் புதுப்பித்து, வரி கட்டி, எங்கள் தெருமுனையில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். கடைக்குப் பின்னால் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் கட்டில், துணிக்கொடி, அவள் வீடு. இனிமேல் நிரந்தரமாகவே இருந்துகொள்கிறேன் என்று இப்போதுதான் மனுப் போட்டிருந்தாள். அது தள்ளுபடியானால் மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும். அதுவரைக்கும் கடையும் திரையும் கட்டிலும் அடுத்த புதுப்பித்தலை நம்பித் தொங்க வேண்டும்.

'பழைய சினிமா கொட்டகை இருந்த இடத்திலிருந்து நூறு மீட்டர் மேலே.' அவள் எழுதிக் கொடுத்த முகவரி இதுதான். கொட்டகையில் குற்றமில்லை. அதை இடித்து டயர் கடை வந்து எத்தனையோ காலமாயிற்று, ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் இன்னும் அங்கிருந்துதான் வழி. கோளாறெல்லாம் அந்த 'மேலே'யில். மனாகுவாவில் ஏரிப் பக்கம் என்றால் வடக்கு, மேலே என்றால் கிழக்கு. வந்த புதிதில், "ஏரிப் பக்கம் திரும்பு" என்று வழி சொல்லி எங்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தாள். இங்கே ஏது ஏரி? கொஞ்ச நாளில் ஏரியை விட்டுவிட்டாள். மேலேயை மட்டும் விடவில்லை.

சண்டை போட்டுக்கொண்டிருந்த மற்றவர் ரோதெமீரோ. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், மனைவியை இழந்தவர், மத்தியானச் சாப்பாடு தினமும் யெல்பா கடையில்தான். வளர்க்கிற நாயைக்கூட 'நீங்க' என்று கூப்பிடுகிற எங்கள் ஊர்க்காரர். அவளோ மந்திரியே வந்தாலும் 'நீ' என்கிற ஊர்க்காரி. மழைக்காலம் பிறந்ததும் அவர் ஒரு தடவை அவளைப் பெண் கேட்பார். அவள் ஒரு தடவை இல்லை என்பாள். பிறகு இரண்டு பேரும் மழையைப் பார்ப்பார்கள்.

"நான் அப்பவே சொன்னேன்," என்று இப்போதும் ஆரம்பித்தார். "என்னைக் கட்டிக்கிட்டா, இந்த ஊர்க்காரன் பொண்டாட்டின்னு காகிதம் தானா நடந்து வரும். மேலயும் வேணாம், கீழயும் வேணாம்."

"ஆமா, உன் மீசைக்குக் கிடைச்ச காகிதத்தை நான் சட்டம் போட்டு மாட்டணும். நான் என் கால்ல வந்தேன், சட்டப்படி இருந்தேன். என் வருஷத்துக்கு என்ன கிடைக்குமோ அது என் பேர்ல கிடைக்கட்டும்."

"கிடைக்கலேன்னா?"

கரண்டி மட்டும் சொட்டியது.

"ஓதிலியக்கா," என்று என் பக்கம் திரும்பினாள். "வெள்ளிக்கிழமை நீயும் வா சாட்சிக்கு. இந்த மனுஷனும் வரட்டும். நான் இங்கதான் இருக்கேன்னு என் சோத்துல வளந்த இந்த மனுஷன் வயித்தை விட வேற சாட்சி வேணுமா?"

"எனக்கு முழங்கால் வலி," என்றார் ரோதெமீரோ.

"நேத்து வரைக்கும் இல்லையே?"

"வலி சொல்லிட்டா வரும்?"

ஆனாலும் வந்தார். இஸ்திரி போட்ட சட்டையும் பழைய டிரைவர் தொப்பியுமாக, பஸ்ஸில் வாயே திறக்காமல். சாதாரணமாக அவர் பயணியாக உட்கார்ந்தால் ஓட்டுகிறவனுக்கு நிம்மதி இருக்காது. ஒவ்வொரு வளைவுக்கும் பின்னாலிருந்து பாடம் நடத்துவார். அன்று அப்படி ஒரு மௌனம். முழங்கால் நிஜமாகவே வலிக்கிறது போலிருக்கிறது என்று பாவப்பட்டேன்.

அலுவலகத்தில் எங்களுக்கு வாய்த்த பெண்ணின் பெயர் யென்ட்ரி. பேத்தி வயது. நீள நீள நகம், எல்லோரையும் ராசாத்தி, ராசா என்று கூப்பிடுகிற வாய்.

"சொல்லுங்க ராசாத்தி. நீங்க எழுதின இடத்துல நீங்க இல்லையாமே?"

"இருக்கேன். நீ அனுப்பின ஆளுதான்—" யெல்பா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நீங்க அனுப்பின ஆளுதான் வேற இடத்துக்குப் போயிருக்காரு."

"மேலேன்னு எழுதியிருக்கீங்க. அவர் மேல போய்ப் பாத்திருக்காரு. அங்க கல்லறைத் தோட்டம்தான் இருக்காம்."

"அது உங்க மேல. என் மேல கிழக்க இருக்கு."

யென்ட்ரி என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். ஆட்டிய பிறகுதான், எதற்கு ஆமாம் என்று எனக்கே சந்தேகம் வந்தது.

"சரி, அவங்களை விடுங்க. ராசா, நீங்க இந்த ஊர்க்காரர்தானே? நீங்க சொல்லுங்க, இவங்க வீடு எங்க?"

வழி கேட்டால் ரோதெமீரோவுக்கு எந்தக் கவலையும் மறந்துபோகும். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எரிஞ்ச பால் டிப்போ தெரியுமில்ல? அங்கேருந்து தெக்க எரநூறு மீட்டர்—"

"எந்த பால் டிப்போ?"

"எரிஞ்சு போச்சும்மா."

"சினிமா கொட்டகை?"

"இடிச்சாச்சு."

"உங்க ஊர்ல இருக்கிறது எதுவும் இல்லையா, ராசா?"

"நாங்க இருக்கோமே, தங்கம்," என்றேன் நான்.

யென்ட்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யெல்பாவுக்கு வரவில்லை. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், அதையும் யாராவது வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதைப் போல.

"போய்ப் பாத்தவரே இங்கதான் இருக்காரு. கூப்பிடறேன். கிரெய்வின்! இங்க கொஞ்சம் வாங்க!"

கையில் ஹெல்மெட்டோடு உயரமாக ஒரு ஆள் வந்தான். அதே நேரத்தில் ரோதெமீரோவின் தொப்பி மேசையிலிருந்து எழுந்து தலைக்குப் போய், அங்கிருந்து மூக்குவரை இறங்கியது. பிரயோஜனமில்லை.

"அட, மலையேத்தின ஐயா!" என்றான் கிரெய்வின். "முழங்கால் எப்படி இருக்கு?"

யெல்பா மெதுவாகத் திரும்பினாள். "எந்த ஐயா?"

"இவர்தான். முனையில ஒரு சாப்பாட்டுக் கடையில சாப்பிட்டுட்டு, வாசல்ல உக்காந்திருந்த இவர்கிட்ட வழி கேட்டேன். எனக்குத் தெரியாத மேலயான்னு எந்திரிச்சவர், அந்த வெயில்ல முன்னாடி நடக்கறாரு, நான் பைக்கைத் தள்ளிக்கிட்டுப் பின்னாடி. கல்லறை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டாரே! 'இதுக்கு மேல வீடு கிடையாது, தம்பி. இங்க இருக்கறவங்கள்லாம் ஏற்கெனவே நிரந்தரவாசிங்க'ன்னாரு. நான் சிரிச்சிக்கிட்டே இறங்கி வந்தேன்."

ரோதெமீரோ தன் செருப்பைப் படித்துக்கொண்டிருந்தார்.

"பேரைச் சொல்லிக் கேக்கலையா?" என்று நான்தான் கேட்டேன்.

"பேர் சொன்னா ஆள் ஏற்பாடு பண்ணி நிறுத்திடுவாங்கம்மா. நாங்க இடத்தைத்தான் கேப்போம்."

"இரு, இரு," என்றாள் யெல்பா. 'நீங்க' எல்லாம் பறந்துவிட்டது. "முனையில கடையா? அங்க என்ன சாப்பிட்டே?"

"குடல் சூப்பு."

"சௌசௌவை ஒதுக்கி வெச்சது நீதானா!"

கிரெய்வின் அவளை இப்போதுதான் முழுதாகப் பார்த்தான். தலையில் துண்டு இல்லை, கையில் கரண்டி இல்லை, உதட்டில் சாயம். பாவம், எப்படி அடையாளம் தெரியும்?

"திட்டினீங்களே, அந்த அம்மாவா நீங்க? மரவள்ளி இன்னொரு துண்டு போட்டீங்க. திரைக்குப் பின்னாலேருந்து ஈரத் தலையோட வந்து... அங்க கட்டில்கூட இருந்துதே!" அவன் யென்ட்ரி பக்கம் திரும்பினான். அவனுக்கே வெட்கமாயிருந்தது. "தேடிப் போன வீட்டுலயே சாப்பிட்டுட்டுத்தான் அந்த வீட்டைத் தேடியிருக்கேன்."

யென்ட்ரி நகத்தால் மேசையைத் தட்டிச் சிரித்தாள். பக்கத்து ஜன்னலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கிரெய்வின் தன் அறிக்கையைத் திருத்தி எழுதி, கீழே கையெழுத்துப் போட்டான். வேறு எந்தக் குறையும் இல்லை, மனுவை ஏற்றுக்கொண்டாயிற்று, அட்டை வந்ததும் போன் செய்கிறோம், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள் யென்ட்ரி.

யெல்பா எழுந்திருக்கவில்லை. "அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் ராசாத்தி. அந்த மேலயை மட்டும் கிழக்கேன்னு மாத்திடட்டுமா?"

யெல்பா அதை யோசித்த யோசனையைப் பார்த்தால் ஏதோ சொத்து எழுதிக் கொடுக்கிறாள் என்று நினைப்பார்கள். "மாத்துங்க," என்றாள் கடைசியில். "சூரியனுக்குத் தெரியும்."

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. நானும் யெல்பாவும் ஒரு இருக்கையில். ரோதெமீரோ எங்களுக்கு முன் இருக்கையில் ஜன்னலோரமாக உட்கார்ந்து, வாழ்நாள் முழுக்க அவரே ஓட்டிய அந்தச் சாலையை முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். யெல்பா கொஞ்ச தூரம் அழுதாள். கொஞ்ச தூரம் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். டயர் கடை தாண்டியது. பிறகு முன்னால் குனிந்து, அவர் தொப்பியின் பின்பக்கத்தை ஒரு விரலால் தட்டினாள்.

"ரோதெமீரோ, இத்தனை வருஷமா என் கடையில உக்காந்து, மேலன்னா கிழக்குன்னு என் வாயால தினம் கேட்டவன் நீ. அன்னிக்கு மட்டும் எதுக்குய்யா மலை ஏறினே?"