பழைய மடக்கு சைக்கிளின் பூட்டு

வீட்டில் அவனுக்குத் தராசு என்று பெயர். ஒரு குடை வாங்குவதென்றாலும் நாலு கடை ஏறி இறங்கி, எதில் எத்தனை கம்பி என்று எழுதி வைத்துக்கொண்டுதான் வாங்குவான். மடக்கு சைக்கிளில் புது மாடல் வந்திருக்கிறது என்றால் விடுவானா? தாளின் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் தன் பழைய சைக்கிள், அந்தப் பக்கம் புதியது என்று பன்னிரண்டு வரி எழுதினான். புதியது இரண்டு கிலோ எடை குறைவு. பழையதை மடக்க மல்லுக்கட்ட வேண்டும். புதியது சொன்ன பேச்சு கேட்கும். எல்லாவற்றுக்கும் முதல் வரி, சைக்கிள் மடங்கும் இடத்தில் இருக்கிற நடுப்பூட்டைப் பற்றியது. பழையதில் அது பூட்டியது போலவே இருக்கும், நாலு குலுக்கலில் தானாக நெகிழ்ந்துவிடும். புதியதில் அதற்கு மேலே இன்னொரு கொக்கி வைத்துவிட்டார்கள்.

பழசு வாசலைத் தாண்டினால்தான் புதுசு உள்ளே வரலாம் என்று மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள். அக்கா வீட்டுக்காரரோ ரயிலில் கொண்டுபோக ஒரு சைக்கிள் தேடிக்கொண்டிருந்தார். அவருக்குப் பல்செட் செய்யும் பட்டறையில் வேலை. அரிசி அளவு பல்லிலும் மேடு பள்ளம் கண்டுபிடிக்கிற கை. அவருக்குச் சும்மாவே கொடுத்தான். தாளை எடுத்துப் பதினொரு வரியை வாசித்தும் காட்டினான். முதல் வரி நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் மாமா வேண்டாம் என்பார், புது சைக்கிள் கடையிலேயே நிற்கும். விழுங்கிவிட்டான். ஒவ்வொரு சிக்னலிலும் அந்தப் பூட்டை உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்திக்கொண்டுதான் இத்தனை நாள் ஓட்டினான் என்பதையும் சொல்லவில்லை. என் தம்பிக்குத் தாராள மனசு என்று அக்கா பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டாள்.

பத்தாம் நாள் ஒரு வேகத்தடையில் சைக்கிள் இரண்டாக மடிந்து மாமாவைத் தூக்கிப் போட்டது. வலது தோளில் எலும்பு முறிவு. அது ஆறு வாரத்தில் கூடிவிடும் என்றார் டாக்டர். பூட்டியது நன்றாக நினைவிருக்கிறது என்று முதல் வாரம் மாமா அடித்துச் சொன்னார். பூட்டியிருந்தால் எப்படி மடியும் என்று வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். கேட்கக் கேட்க அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. பிறகு எதைத் தொட்டாலும் சந்தேகம். அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை எழுந்து போனார். மாத்திரை போட்டாயிற்றா என்று அக்காவைக் கேட்டார். தராசு வாராவாரம் பழத்தோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்தான். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போவான். அக்கா டீ கொண்டுவந்து வைப்பாள், குடித்துவிட்டு வந்துவிடுவான். நானெல்லாம் ஒரு மனுஷனா என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொள்வான்.

மூன்றாம் வாரம் மாமா ஒரு வெள்ளைத் தாளை அவன் முன்னால் தள்ளினார்.

"என் கை கட்டுல இருக்கு. நீ எழுது மாப்ளே. வேலைய விட்டுடறேன்னு."

கைதான் சரியாகிவிடுமே என்றான் அவன்.

"பிரச்சன கையில இல்ல. செய்யாததச் செஞ்சதா நெனைக்கிற ஆளு, அடுத்தவங்க வாய்க்குப் பல்லு பண்ணக் கூடாது."

அவர் சொல்லச் சொல்ல எழுதினான். ஐயா, வணக்கம் எல்லாம் ஆயிற்று. ஞாபக மறதி காரணமாக என்று எழுதியதும் நிறுத்தினான். பேனாவைக் கீழே வைத்தான்.

"நீங்க பூட்டினீங்க மாமா. அந்தப் பூட்டு தானாக் கழண்டுக்கும். தெரிஞ்சுதான் குடுத்தேன்."

அறை விழும் என்று எதிர்பார்த்தான். விழுந்தால் தேவலை என்றும் இருந்தது. நான் பூட்டினேனா என்று மாமா கேட்டார். பூட்டினீர்கள் என்றான். மறுபடியும் கேட்டார், மறுபடியும் சொன்னான். அவர் முகமெல்லாம் சிரிப்பு, கண்ணில் பொலபொலவென்று தண்ணீர். தாளைக் கிழிக்க ஒரு கை போதாமல் அவனிடமே கொடுத்துக் கிழிக்கச் சொன்னார்.

அக்கா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள்.

"மூணு வாரமா வந்துட்டு வந்துட்டுப் போனியேடா," என்றாள்.

"அவன ஒண்ணும் சொல்லாத," என்றார் மாமா. "எவ்வளவு நல்ல சேதி கொண்டு வந்திருக்கான்."