மெற்றில்டாவின் நெற்றி

என் நாட்குறிப்பில் ஜனவரி இருபத்து நான்காம் திகதிக்கு மேலே "நாள் 1" என்று எழுதியிருக்கிறேன். அன்றுதான் அம்மாவை வெள்ளவத்தைக்குக் கூட்டிப்போய், நெற்றிச் சுருக்கங்களுக்கு ஊசி போடுவித்தேன். அம்மாவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நான் கொடுத்த பரிசு அது. யோசனை என்னுடையது. நேரம் பதிந்ததும் படிவம் நிரப்பியதும் நான்தான்.

அம்மா வெள்ளவத்தையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறார். கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவார். அவருடைய நெற்றியில் குறுக்காக மூன்று கோடுகள் இருந்தன, விரல் வைத்தால் தட்டுப்படும் ஆழத்தில். கடை மனேஜர் ஜவாத் அதை வைத்து அம்மாவைச் சீண்டுவார்.

"மெற்றில்டா அக்கா, விலையக் கேட்டு கஸ்டமர்தானே பயப்படணும்? நீங்க ஏன் முந்திக்கொண்டு பயப்படுறீங்க?"

அம்மா அதை வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பார். ஆனால் நத்தார் பண்டிகைக்கு நானும் அம்மாவும் எடுத்து, நான் ஃபேஸ்புக்கில் போட்ட படத்தின் கீழே ஒருத்தி "ரொஷேல், இது உன்ட அம்மம்மாவா?" என்று கேட்டிருந்தாள். அம்மா அதை என் தோளுக்கு மேலால் வாசித்துவிட்டார். அன்று அவர் சிரிக்கவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டு கைகளாலும் நெற்றித் தோலை மேலே இழுத்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அப்பா துறைமுகத்தில் வேலையில் இருந்தபோதே இறந்துவிட்டார். அண்ணன் மெல்ரோய் பிறவியிலேயே காது கேளாதவன். மருதானையில் ஒரு தையல் பட்டறையில் மெஷின் ஓட்டினான். அவனும் அம்மாவும் கையால்தான் கதைப்பார்கள். அது எந்தப் பள்ளிக்கூடத்திலும் படித்த சைகை அல்ல. அவன் தவழ்ந்த காலத்திலிருந்து இரண்டு பேருமாகச் சேர்ந்து உண்டாக்கிக்கொண்டது. எனக்கு அது அரைகுறையாகத்தான் வரும். அரைகுறை போதாது என்று நினைத்து, போன நவம்பரில் நுகேகொடையில் செவ்வாய், வியாழன் மாலைகளில் நடக்கும் சைகைமொழி வகுப்பில் சேர்ந்தேன்.

கிளினிக்கில் டொக்டர் இளம் பெண். அம்மாவைக் கதிரையில் சாய்த்து வைத்து, "கோபமாப் பாருங்க" என்றார். "இப்ப ஆச்சரியமாப் பாருங்க" என்றார். அம்மா புருவங்களை உயர்த்தியதும் டொக்டர் சிரித்துவிட்டார்.

"இது நல்ல ஸ்ட்ரோங் மசில். அன்ரி நிறையக் கதைக்கிற ஆளோ?"

"ஓம் டொக்டர். ஆனா வாயால இல்ல."

டொக்டர் அதைப் பகிடி என்று நினைத்தார். நானும் சிரித்தேன். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதே அப்போது எனக்குத் தெரியாது.

ஆறாம் நாள் மேல் கோடு மங்கியது. ஒன்பதாம் நாள் மூன்றும் இல்லை. "வடிவா இருக்கு" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். பதினோராம் நாள் இடது புருவம் இறங்கி, கண்ணுக்கு மேல் பாரமாக உட்கார்ந்துவிட்டது. நெற்றி, கழுவிக் கவிழ்த்த பீங்கான் தட்டைப் போல மினுங்கியது. அம்மா சிரித்தாலும் மேல் பாதி சிரிக்கவில்லை.

"இப்ப பயப்படல்லதான் அக்கா," என்றாராம் ஜவாத். "ஆனா தூங்குறீங்க."

அம்மா இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "என்ட முகத்தில வேற யாரோ இருக்கிற மாதிரிக் கிடக்குடி."

கிளினிக்குக்குப் போன் பண்ணினேன். போட்ட மருந்தைத் திருப்பி எடுக்க முடியாது, மூன்று நான்கு மாதத்தில் தானாக இறங்கிவிடும் என்றார்கள். அந்த மறுமொழியை அப்படியே எழுதி வைத்தேன். மூன்று நான்கு மாதம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இருபதாம் நாள், வியாழக்கிழமை, அண்ணன் பட்டறையிலிருந்து ஒரு கடிதத்துடன் வந்தான். ஜோர்தானில் ஆடைத் தொழிற்சாலை வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். அவனைப் போலவே காது கேளாத பிரியந்தன் முதலே கையெழுத்துப் போட்டிருந்தான். நான் வகுப்பில் இருந்தேன். திரும்பி வந்தபோது அம்மா சமையலறையில் நின்றார். அவன் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தான்.

"அண்ணா வெளிநாடு போறானாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தச் சொல்ல? போறியா எண்டு கேட்டன். ஓம் எண்டு தலையாட்டினான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். சோறும் வேணாமெண்டுட்டான்."

"அவனுக்கு விருப்பமாம்மா?"

"விருப்பமில்லாட்டித் தலையாட்டுவானா?" அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். "இருபத்தாறு வயசுப் பிள்ளைய நான் மறிக்கிறதே? ஒருக்கா என்னை மறியுங்கோ எண்டு பார்த்தானெண்டாலும் மறிச்சிருப்பன்."

அவர் அழுதார். கண்ணீர் வழிந்தது; நெற்றி மட்டும் எதுவும் நடக்காதது போல இருந்தது.

அடுத்த நாளே அண்ணன் கையெழுத்துப் போட்டான். அதற்குப் பிறகு வீட்டில் அவன் கைகள் குறைவாகத்தான் அசைந்தன. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று கோயிலில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றான். போன வருடம் ஃபாதர் பூசிய சாம்பல் அம்மாவின் கோடுகளுக்குள் இறங்கி, கழுவியும் போகாமல் கிடந்தது. இம்முறை வழுவழுத்த நெற்றியில் நிற்காமல் மூக்கில் உதிர்ந்தது. அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. அன்றைய பக்கத்தில் சிரிப்பு வந்ததாகவே எழுதியிருக்கிறேன்.

மார்ச் பதினைந்தாம் திகதி கட்டுநாயக்காவில் அம்மா அவனிடம் சாப்பாடு, குளிர், கவனம் என்று கையால் அடுக்கிக்கொண்டே போனார். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கடைசியில், காய்ச்சல் பார்ப்பது போல உள்ளங்கையை அம்மாவின் நெற்றியில் வைத்தான். பிறகு எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

இரண்டு கிழமைக்குப் பிறகு, வகுப்பு முடிந்து பஸ்ஸில் வரும்போது அவனிடம் வட்ஸ்அப்பில் கேட்டேன்: "உனக்குப் போக விருப்பமா இருந்ததா?" அண்ணனின் எழுத்துத் தமிழ் அவனுடைய கைகளைப் போலவே இருக்கும். பதில் வந்தது.

"நான் விருப்பம் இல்லை. அம்மா போ சொன்னது. அம்மா முகம் கவலை இல்லை. சரி நான் போ."

மூன்று முறை வாசித்தேன். பிறகு பையிலிருந்து வகுப்புக் கொப்பியை எடுத்தேன். நவம்பர் மாதப் பக்கம், இரண்டாவது பாடம். என் கையெழுத்து, சிவப்புப் பேனை: "ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்குக் கை மாறாது. புருவம் உயரும். உயராவிட்டால் அது கேள்வி அல்ல."

எங்கள் வீட்டுச் சைகையும் அப்படித்தான். பஸ் கண்ணாடியைப் பார்த்துச் செய்து பார்த்தேன். அவனைச் சுட்டிக் காட்டி, கையை நெஞ்சிலிருந்து வாசல் பக்கம் வீச வேண்டும். புருவம் உயர்ந்தால், போறியா. உயராவிட்டால், போ. பக்கத்தில் இருந்த பெண் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

அம்மா கேட்டதற்கு அவன் ஓம் என்றான் என்று அம்மா நினைத்தார். அம்மா சொன்னதற்கு அவன் சரி என்றிருக்கிறான். தலையாட்டல் ஒன்றுதான்.

அவனுக்கு உண்மையை எழுதத் தொடங்கி அழித்தேன். ஒப்பந்தத்தை உடைத்துக்கொண்டு அவனால் வர முடியாது. தெரிந்துகொண்டு இரண்டு வருடம் அங்கே மெஷினுக்கு முன்னால் இருப்பது இன்னும் கொடுமையாக இருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். அம்மாவிடமும் சொல்லவில்லை. இது இரக்கமா, அல்லது பரிசு கொடுத்தவளின் பயமா என்று பல பக்கங்கள் எழுதிப் பார்த்தேன். பயம்தான் என்று நினைக்கிறேன். வீடியோவில் அம்மா "சாப்பிட்டியா?" என்று கேட்பார். அண்ணனோ, சாப்பிடச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, சரி என்று தலையாட்டுவான். நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாள் 107, ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் மூன்று மணி. அங்கே ஞாயிறும் வேலை நாள்; மதிய இடைவேளை. போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தோம். அம்மா விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோனார். அப்போது வலது புருவம் கொஞ்சம் உயர்ந்தது. பின்னாலேயே இடதும். நெற்றியில் மெல்லிய ஒரு கோடு விழுந்தது.

அண்ணன் சிரித்தான். ஜோர்தானுக்குப் போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. தன் நெற்றியில் விரலால் குறுக்கே மூன்று முறை கீறிக் காட்டினான். அம்மாவும் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"பார்த்தியா ரொஷேல், திரும்பக் கிழவியாகிட்டன் எண்டு பகிடி பண்றான்."

அவன் சிரிப்பு நின்றது. விரல் அப்படியே நெற்றியில் இருந்தது. பிறகு தோளுக்கு மேலால் பின்னே காட்டினான்: அன்று. தன்னைச் சுட்டினான். கையை நெஞ்சிலிருந்து வாசல் பக்கம் வீசினான். முகம் வெறுமையாக இருந்தது. அதையே இன்னொரு முறை செய்தான். இம்முறை இரண்டு விரல்களால் தன் புருவங்களை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு. எது என்று கையை விரித்தான்.

அம்மா என் பக்கம் திரும்பினார்.

"என்னவாம்?"

இருபத்தாறு வருடத்தில் அவன் சொன்னதை அம்மா இன்னொருவரிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. விளங்கவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். என்னை நம்பியிருப்பார்.

"அண்டைக்கு நீங்க கேட்டீங்களா, சொன்னீங்களா எண்டு கேக்கிறான் அம்மா."

அம்மா மெதுவாகக் கையைத் தூக்கித் தன் நெற்றியைத் தொட்டார், அது எங்கே இருக்கிறது என்று தேடுவது போல. போனைப் பார்த்து இரண்டு விரல்களால் தன் புருவங்களை மேலே தள்ளினார். அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். கேட்டது. கேட்டது மட்டும்தான்.

அண்ணன் பார்த்தான். தலையாட்டவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்தான்.

அவனுக்குப் பின்னால் சுவரில் ஒரு சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. இடைவேளை முடிந்தது. பிரியந்தன் வந்து அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அண்ணன் எழுந்தான். தன்னைச் சுட்டி, கையை நெஞ்சிலிருந்து வெளியே வீசி, புருவங்களை நன்றாக உயர்த்தினான். போகவா?

போனுக்கு முன்னால் அம்மாவின் கை பாதியில் நின்றது. அவன் காத்துக்கொண்டு நின்றான். விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது.

அம்மா புருவங்களை இறக்கினார். கையை நெஞ்சிலிருந்து வாசல் பக்கம் வீசினார்.