மூன்றாம் முறை வேப்பிலை

சித்திரையிலிருந்து இது மூன்றாவது தடவை. சேலம் அஸ்தம்பட்டியில் தான் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டு வாசல் நிலையில் பச்சைப் பசேலென்று வேப்பிலைக் கொத்து தொங்குவதைப் பார்த்ததும் வசந்தாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு வாங்கலாம் என்று பார்க்க வந்த தனபாலின் மனைவி கேட்டருகிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் கால் வைப்பதா?

"ஆத்தா எறங்கட்டுமுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தனபால் வண்டியைத் திருப்பினார். இதற்கு முன் வந்த இரண்டு பேரும் இதையேதான் சொன்னார்கள். சொன்னவர்கள் அப்புறம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வசந்தாமணி ராசிபுரத்துக்குப் பக்கத்தில் நாலு ஏக்கர் புன்செய்க் காட்டில் தனியாளாக விவசாயம் பார்ப்பவள். இறந்துபோன புருஷன் ஆசையாகக் கட்டிய இந்த வீட்டை விற்கத் துணிந்தது ஒரு வண்டித் தடத்துக்காக. அவள் காட்டுக்கும், அதற்கு அந்தப் பக்கம் ஆடு வளர்க்கும் மாதையன் காட்டுக்கும் போகிற ஒரே தடம் கதிர்வேலின் நிலத்துக்குள் போகிறது. நாற்பது வருஷமாக வெறும் வாய்ப்பேச்சில் ஓடிய தடம். இப்போது கதிர்வேல் அந்த நிலத்தை விற்கிறார்.

"நீங்க ஆனிக்குள்ள வாங்கிக்கலீன்னா சங்ககிரி லாரிக்காரரு ஒருத்தரு கேக்கறாருங்க. அவரு சுத்தி வேலி போட்டுருவாரு" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். ஆடி பிறந்தால் யாரும் கிரயம் எழுத வர மாட்டார்கள். ஆனி பிறந்து பத்து நாள் ஆகிவிட்டது. வேலி விழுந்தால் வசந்தாமணி தன் காட்டுக்குப் பறந்துதான் போக வேண்டும்.

வீட்டில் குடியிருக்கும் ஜோதிக்கு ஏற்காடு ரோட்டில் ஒரு கிளினிக்கில் வேலை. புருஷன் போர் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனவன், நாலு வருஷமாகத் தகவலே இல்லை. அவளும் பிளஸ் டூ படிக்கும் மகள் அறிவுச்செல்வியும்தான் இருக்கிறார்கள். முதல் தடவை மகளுக்குச் சின்னம்மை. அடுத்து அம்மாவுக்குத் தட்டம்மை. இரண்டே பேர் இருக்கிற வீட்டில் மூன்றாவது வேப்பிலை யாருக்கு, பூனைக்கா?

"இப்ப யாருக்கு?"

"பாப்பாவுக்குங்கம்மா. பொன்னுக்கு வீங்கி" என்றாள் ஜோதி, கதவைப் பாதி திறந்துகொண்டு.

பொய் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் மாரியாத்தா பேரில் கட்டிய வேப்பிலையைப் பொய் என்று யார் சொல்வது? நிஜமாக இருந்து தொலைத்தால்? கெட்டிக்காரி, நல்ல இடமாகப் பார்த்துத்தான் ஒளிந்துகொண்டிருக்கிறாள்.  வசந்தாமணி செருப்பைக் கழற்றினாள்.

"எனக்கு எல்லா அம்மையும் சின்ன வயசுலயே வந்து போயிருச்சு. தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் புள்ளைய நான் பார்த்துக்கறேன்."

"உங்களுக்கு எதுக்குங்கம்மா சிரமம்?"

"அம்மை கண்ட ஊட்டுக்குள்ள வந்துட்டு நடுவுல போகக் கூடாது. தள்ளு."

மாட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மாதையனுக்குப் போன் போட்டாள். பிறகு அம்மைக்கு உண்டான முறை ஒன்றையும் விடவில்லை. தாளிக்கக் கூடாது, தலை சீவக் கூடாது, பள்ளிக்கூடம் கூடாது. வேப்பிலையையும் மஞ்சளையும் தானே அரைத்து அறிவுச்செல்வியின் தாடையில் பூசினாள். விரல்கள் தேடித் தேடிப் பார்த்தன, துளி வீக்கம் இல்லை. இருந்தாலும் பூசி முடித்தாள். மூன்று வேளையும் ராகிக் கூழும் தயிர்ச்சோறும்தான். இரண்டாம் நாள் மத்தியானம் அந்தப் பிள்ளை பொறுக்க மாட்டாமல், "ஒரு முட்டையாவது வேக வைக்கலாங்களா?" என்று கேட்டது.

"அம்மைக்கு முட்டையா? ஆத்தா கண்ணைக் குத்திருவா" என்றாள் வசந்தாமணி. உள்ளுக்குள் சிரிப்பு வந்தது, கூடவே பாவமாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் வேப்பிலை போட்ட தண்ணீரை வெயிலில் வைத்து, பிள்ளையை முற்றத்தில் உட்கார வைத்தாள். சொம்பை ஜோதியிடம் நீட்டினாள்.

"பெத்தவ நீதான் ஊத்தோணும். ஆத்தா, வந்து இருந்தது போதும், குளுந்து எறங்கிப் போன்னு சொல்லி ஊத்து."

ஜோதி சொம்பை வாங்கினாள். தூக்கினாள். ஊற்றவில்லை. வேப்பிலையைக் கட்டத் துணிந்தவளுக்கு, வராத தெய்வத்தைப் போகச் சொல்லத் துணிச்சல் வரவில்லை. சொம்போடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"முடியலைங்கம்மா. பொய்தானுங்க. மொதல் தடவை பாப்பாவுக்கு நெசமாவே வந்துச்சு. அன்னிக்கு ஊடு பார்க்க வந்தவங்க வாசலோட திரும்பினதைப் பார்த்துத்தான் எனக்குப் புத்தி இப்படிப் போயிருச்சு. வாடகைக்குக் கேட்டு பதினாலு ஊடு ஏறி எறங்கிட்டனுங்க. உங்க ஊட்டுக்காரரு எங்கேன்னு கேக்கறாங்க. இல்லைன்னதும் கதவைச் சாத்திக்கறாங்க."

ஓங்கி ஒரு அறை விடலாம் போலத்தான் வசந்தாமணிக்கு இருந்தது. ஆனால் கை எழவில்லை. நாற்பது வருஷமாகத் தானும் இன்னொருவர் நிலத்தில், அவர் மனசை நம்பித்தானே நடந்திருக்கிறோம் என்று பட்டது. கதிர்வேல் விற்கிறேன் என்றதும் ஒரு வாரம் தூக்கம் கெட்டவள், எங்கே போவாய் என்று இவளை ஒரு வார்த்தை கேட்டாளா? வெட்கமாக இருந்தது.

"எந்திரி. அந்தப் பதினாலுல பக்கமா இருக்கறது எது?"

அடுத்த தெருதான். அந்த வீட்டுக்காரர் மறுபடியும் அதே கேள்வியைத் தொடங்கும்போதே வசந்தாமணி மறித்தாள். "ஊட்டுக்காரரைத் தேடாதீங்க. இவளுக்கு நான் இருக்கறேனுங்க. ராசிபுரத்துல நாலு ஏக்கரு இருக்குது, வேணும்னா வந்து பாருங்க. எதுன்னாலும் என்னைக் கேளுங்க." அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சாவியை எடுத்துவந்தார்.

வசந்தாமணி போன் போட்டுக் கூப்பிட்டதும், புதன்கிழமை தனபால் மனைவியோடு மறுபடி வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்த அந்த அம்மாள், வீடு வாங்குகிற எல்லாரையும் போலக் குடியிருந்தவளிடமே வந்து நின்றாள். "ஊடு எப்படிங்க, ராசியா?"

வசந்தாமணி ஜோதியைத் திரும்பிப் பார்த்தாள். ஜோதி ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும், காடு போச்சு.

"அன்னிக்கு நீங்க பார்த்த வேப்பிலை பொய்யுங்க" என்றாள் ஜோதி. "பதினொரு வருஷம் இருந்துட்டனுங்க. போக மனசில்லாம நான்தான் கட்டினேன்."

அந்த அம்மாள் அவளை முறைத்தாள். பிறகு வீட்டை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். "ஆத்தாகிட்டப் பொய் சொல்லியாவது இருக்கலாம்னு ஒருத்திக்குத் தோணியிருக்குதுன்னா, ஊடு நல்ல ஊடுதான்" என்று புருஷனிடம் சொன்னவள், ஜோதி பக்கம் திரும்பினாள். "நீ மட்டும் மாரியாத்தாளுக்குக் கூழு ஊத்திரு, சாமி."

ஆனி முடிய நாலு நாள் இருக்கையில் வீட்டுப் பத்திரமும் கதிர்வேல் நிலத்துப் பத்திரமும் பதிவாயின. மறுநாள் காலையில் வசந்தாமணி தன் பேருக்கு வந்த தடத்தில் முதல்முறையாக நடந்தாள். எதிரே ஆடுகளை ஓட்டி வந்த மாதையன் ஓரமாக ஒதுங்கி நின்றார். கேட்கலாமா வேண்டாமா என்று தலையைச் சொறிந்தார்.

"ஏனுங்கம்மா, வேலி கீலி போடுவீங்களா?"

"போடலைங்க" என்றாள். நாலடி போனவள் நின்று திரும்பினாள். "இதை வாய்ப்பேச்சுல உட வேண்டாம். உங்க ஆதாரை எடுத்துக்கிட்டு வாங்க. தடம் உங்களுக்கும் உண்டுன்னு ஆடிக்கு முன்னாலயே எழுதிக் கொடுத்தர்றேன்."