கட்டியாச்சு பங்கை வாங்கியவர்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. வேப்பம்பட்டில் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஹெலன் சொன்னது. அவளும் கணவன் லோகுவும் காக்களூரில் மின்விசிறி செய்யும் கம்பெனியில் வேலை செய்கிறார்கள். கேட்டு ஒரு மாதமாகியும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

‘தில்லியில் இரண்டு யானைகள் மோதிக்கொண்டபோது...’ என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். யானைகள் எதற்கு? கம்பெனிகள் என்றே சொல்கிறேன்.

கட்டியாச்சு, பில்துணை. (இரண்டும் நான் வைத்த பெயர்கள்.) கரன்ட் பில், கேஸ் பில்லையெல்லாம் செல்போனில் கட்டவைப்பவை. தன் தொழில்நுட்பத்தைத் திருடிவிட்டதாகப் பில்துணை மேல் கட்டியாச்சு வழக்குப் போட்டது. ஜெயித்தால் பங்கு விலை இரண்டு மடங்காகும் என்று ஒரு வாட்ஸப் குழுவில் ஓயாத பேச்சு. அதை நம்பி, வீட்டு மனைக்குச் சேர்த்த பணம் முழுவதையும் இருவரும் கட்டியாச்சு பங்கில் போட்டிருந்தார்கள்.

2

விசாரணை நாள். நீதிமன்றம் அதை இணையத்தில் நேரலையாகக் காட்டியது. சாப்பாட்டு இடைவேளையில் ஹெலன் செல்போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவைத்துப் பார்த்தாள். தயிர்சாதத்துக்கு முன்னால் தில்லி நீதிபதி!

வக்கீல் ஏதோ கேட்டார். நீதிபதி தலையசைத்தார். அடுத்த மாதத் தேதி ஒன்று சொன்னார். அவ்வளவுதான்.

அதே நேரம் குழுவில் ஒரு செய்தி: ‘கேஸ் ஜெயிச்சாச்சு!’ விலை ஏறத் தொடங்கியது.

“ஜெயிச்சிட்டோமா?” பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த லோகு எழுந்தே விட்டான்.

“இன்னாத்த ஜெயிச்சாங்க? வாய்தா வாங்கிக்கினு பூட்டாங்க. நான் பாத்துக்கினுதான கீறேன்.”

“அப்ப உண்மை தெரியறதுக்குள்ள வித்துடு.”

(இந்த இடத்தில் ஹெலன் விற்றுவிடுவதாகத்தான் முதலில் எழுதினேன். அவளிடம் படித்துக் காட்டினேன். “நான் அப்டி பண்ணலண்ணா” என்றாள்.)

3

அவள் குழுவில் எழுதினாள்: ‘தீர்ப்பு வரல. அடுத்த மாசத்துக்குத் தள்ளி வெச்சிட்டாங்க. நானே பார்த்தேன்.’

“இன்னா காரியம் பண்ண?” லோகு டிபன் பாக்ஸை மூடினான். “மனை போச்சு.”

“தெரிஞ்சிக்கினே ஒருத்தன் தலைல கட்டச் சொல்றியா?”

இருவரும் விலை விழுவதைப் பார்க்கக் காத்திருந்தார்கள்.

விழவில்லை. ஏறியது. யாரோ அவளுக்கு ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பினார். ‘பொறாமை’ என்றார் இன்னொருவர். பிறகு குழுவிலிருந்தே அவளை நீக்கிவிட்டார்கள். விலை இன்னும் ஏறியது.

“சொல்லியாச்சு. இப்ப விக்கலாம்” என்றாள் ஹெலன்.

பொத்தானை அழுத்திய விரலை எடுப்பதற்குள் எல்லாம் விற்றுப்போயிற்று. “இந்த நாட்ல எங்கியோ ஒருத்தர் எனக்காகவே காத்துக்கினு இருந்தா மாதிரிண்ணா” என்றாள் என்னிடம். சொல்லும்போதே அவள் கை சிலிர்த்திருந்தது. எனக்கும்தான்.

4

மனைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். வழக்கு நடக்கிறது. பங்கு விலையை ஹெலன் அப்புறம் பார்க்கவேயில்லை.

முடிவுக்காக, வாங்கியவரை எழுத முயன்றேன். கோயம்புத்தூர் டாக்டர் ஒருவர்... இல்லை. ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், அவர் மனைவிக்குத் தெரியாமல்... அதுவும் இல்லை. அந்த முகம் எனக்குப் பிடிபடவில்லை.

அது நீங்கள் என்றால், மீதியை நீங்கள்தான் எழுதவேண்டும். ஹெலன் எழுதியதை நீங்கள் பார்க்கவில்லையா, அல்லது பார்த்த பிறகும் வாங்கினீர்களா?