ஃபுல் டேங்க்

நாலாவது தடவையாக அந்தக் கார் நின்றது தேஹு ரோடு தாண்டி, ராணுவக் குடியிருப்பின் நீண்ட மதில் ஓரத்தில். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. இரண்டு முறை திக்கியது, ஒரு முறை இருமியது, அவ்வளவுதான். சந்திரிகா ஓரங்கட்டிவிட்டுச் சாவியை மறுபடி திருப்பிக் காது கொடுத்தாள். நல்ல நாளில் சாவியைத் திருப்பினதுமே முதுகுக்குப் பின்னாலிருந்து பெட்ரோல் பம்ப் டிக் டிக் டிக்கென்று பேச ஆரம்பித்துவிடும். இன்று அது வாயே திறக்கவில்லை.

"செத்துருச்சா?" என்றார் பக்கத்தில் இருந்த ஜெகதீசன்.

"மயக்கம்ங்க. கால் மணி நேரத்துல எந்திரிச்சுக்கும்."

"உன்ற புள்ளைக்கு நடுரோட்டுலதான் மயக்கம் வருமா? தீனிகூட வயிறு முட்டப் போட்டுத்தான கூட்டியாந்தேன்?"

அது உண்மை. ஊர் தாண்டிப் போவதென்றால் நிக்டி பங்க்கில் டேங்க்கை விளிம்பு வரை நிரப்பாமல் அவர் கிளம்பமாட்டார். கோயமுத்தூர் மனிதர்; பயணத்துக்குக் குறைவாக எதையும் எடுத்துப் போகத் தெரியாது.

போகிற பைக்குகள் வேகம் குறைத்துப் படம் எடுத்துக்கொண்டு போயின. தரையோடு தரையாக, இரண்டே பேர் உட்காரும்படி, கூரையில்லாத பச்சைக் கார். ஓடினாலும் படம் எடுக்கிறார்கள், நின்றாலும் எடுக்கிறார்கள்.

"இங்க பாரு சந்திரி," என்றார் ஜெகதீசன். "அடுத்த ஞாயித்துக்கிழமை நம்ம பழைய கார் கிளப் வண்டிங்க எல்லாம் லோனாவளா போகுது. நாமளும் போலாம். நிக்காம போய்ச் சேந்துட்டா அப்பறம் நான் வாயத் தொறக்கல. நடுவுல நின்னுச்சுன்னா அந்த பாந்த்ராக்காரருக்குக் குடுத்துரலாம். அவரும் கேட்டுட்டே இருக்காரு. சரியா?"

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவர் களைப்பாகச் சொன்னார். நாலு தடவையும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வெயில் காய்ந்தவர் அவர்தான்.

"சரிங்க" என்றாள்.

அறுபத்தேழாம் வருடத்து எம்.ஜி. மிட்ஜெட் அது. கோந்த்வாவில் ஒரு ஓய்வு பெற்ற ராணுவ டாக்டரிடமிருந்து போன ஜூலையில் வாங்கினாள். அதுவரை அவள் ஆசைப்பட்ட எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. படிப்பு வேலைக்காக, வேலை வீட்டுக்காக, நிக்டியில் வீடு மகள் வைஷுவின் பள்ளிக்காக. பட்டுப்புடவைகூட யாரோ ஒருவர் கல்யாணத்துக்காக. இந்தக் கார் ஒன்றுக்குத்தான் காரணம் கிடையாது. கோயமுத்தூரிலிருந்து அக்கா போனில், "எதுக்குடி இது?" என்று கேட்டபோது அவள் பேச்சை வைஷுவின் படிப்புக்கு மாற்றினாள். வாஷிங் மெஷின் கெட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள். காரணமில்லாமல் வாங்கிய கார் கெட்டால், ஆசைப்பட்டவளை நிறுத்தி வைத்து விசாரிக்கிறார்கள். அவளே கூட நாலாவது தடவைக்குப் பிறகு தன்னை விசாரிக்க ஆரம்பித்திருந்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் தாபோடிக்குப் போய் மெக்கானிக் கதமைப் பார்த்தாள். ராணுவ வொர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டுத் தனியாகக் கராஜ் வைத்தவர். கார்புரேட்டரைக் காதாலேயே சரி செய்வார் என்று பெயர். இக்னிஷன் காயில் மாற்றியாயிற்று, பாயிண்ட்ஸ் மாற்றியாயிற்று, பம்பைக் கழற்றி உள்ளே புது டயாஃப்ரம் போட்டாயிற்று. சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள் ஆவி அடைக்கிறதோ என்று குழாய் முழுக்கத் துணி சுற்றியும் பார்த்தாயிற்று.

"ஜனவரிக் காலையில பல்லு கிட்டிக்குது, எங்கேயிருந்து ஆவி?" என்று இந்தியில் கேட்டாள்.

"அதான் எனக்கும் புரியலை வஹினி." கதமுக்கு அவள் எப்போதும் வஹினி, அண்ணி. "இங்கே வந்தா சமத்துப் பிள்ளை. போன தடவை கடக்கி வரை போய் வந்தேன், ஒரு தும்மல் இல்லை. உங்களைக் கண்டா மட்டும் அடம்."

"என்னைக் கண்டா இல்லை. எங்க வீட்டுக்காரரைக் கண்டா."

கதம் சிரித்தார். அவள் சிரித்துக்கொண்டே வந்துவிட்டாள். ஆனால் அந்த வாக்கியம் வீட்டுக்கும் கூடவே வந்தது. இங்கே ஓடுகிறது, அங்கே நிற்கிறது. இருபத்திரண்டு வருடமாக ஹிஞ்சவடியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்கிறவளிடம் இதைச் சொன்னால் தூக்கம் வருமா? 'என்னோட கம்ப்யூட்டர்ல நல்லா ஓடுதே மேடம்' என்று தினம் ஒரு பையன் வந்து நிற்பான். அவளுடைய பதில் ஒன்றுதான்: ரெண்டு இடத்துக்கும் என்ன வித்தியாசமோ அதை எழுதிக் கொண்டா.

எழுதி வைத்துத்தான் இருந்தாள். கார் வந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நோட்டில் ஒரு வரி. தேதி, வெயில், தூரம், நின்ற நிமிடம், டேங்க்கில் பெட்ரோல். கடைசிக் கட்டத்தை எதற்கு எழுதினோம் என்று அவளுக்கே தெரியாது. கட்டம் இருந்தது, நிரப்பினாள். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ஒரு தொந்தரவும் இல்லை. முதல் மயக்கம் அக்டோபர் கடைசியில்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஆபீஸ் கேண்டீனில், அந்தக் கடைசிக் கட்டத்தை முதல் தடவையாக, பெட்ரோல் அளவின்படி அடுக்கிப் படித்தாள். டேங்க் நிறைய: பன்னிரண்டாவது நிமிடம் நின்றது. மறுபடி நிறைய: பதினொன்று. முக்கால்: இருபத்தாறு. பாதி: ஐம்பது. கால் டேங்க்குக்குக் கீழே இருந்தபோதெல்லாம் நிற்கவே இல்லை. கதமின் கராஜுக்கு எப்போதும் கொஞ்சமாகத்தான் போட்டுக்கொண்டு போவாள். டேங்க்கை இறக்க நேர்ந்தால் சிரமம் என்று அவரே கேட்டிருந்தார்.

சாப்பிடச் சாப்பிடச் சீக்கிரம் மயங்குகிற வண்டி!

கையில் எடுத்த ரொட்டி அப்படியே நின்றது. நிறைந்த டேங்க்கில் என்ன இல்லை? காற்றுக்கு இடமில்லை. அம்மா வீட்டில் கடலை எண்ணெய் டின் உடைக்கிற வேலை சின்ன வயதில் அவளுடையது. ஆணியால் ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் கொஞ்சம் வந்து, விக்கி, நின்றுவிடும். எதிர் மூலையில் இரண்டாவது ஓட்டை போட்டதும் சரசரவென்று இறங்கும். முதல் ஓட்டை எண்ணெய்க்கு, இரண்டாவது காற்றுக்கு. பெட்ரோல் போகிற வழியைத்தான் மூன்று மாதமாக எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்று வருகிற வழியை ஒருத்தரும் கேட்கவில்லை.

ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, பையைக்கூட வைக்காமல் கார் நிறுத்துமிடத்துக்குப் போய் வண்டியின் பின்னால் குந்தினாள். பெட்ரோல் மூடி. அதன் நட்டநடுவே, காய்ந்து கல்லாகிப் போன ஒரு சந்தனப் பொட்டு. அதன் மேல் குங்குமம்.

ஆயுத பூஜைக்கு அவளே வைத்தது. பானெட்டுக்கு மூன்று, சக்கரத்துக்கு ஒவ்வொன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று. கிண்ணத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது, வீணாவானேன் என்று மூடிக்கு ஒன்று, தாராளமாக. மூடியின் நடுவில் ஒரு குண்டூசித் துளை இருந்ததை அவள் அன்று பார்க்கவில்லை. பூஜைச் சந்தனத்தை யாரும் துடைக்கக் கூடாது, அதுவாக உதிர வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். மற்றதெல்லாம் மழையிலும் கழுவலிலும் உதிர்ந்துவிட்டன. இதைச் சுற்றி மட்டும் ஒவ்வொரு வாரமும் அவளே ஜாக்கிரதையாகத் துணியைத் திருப்பித் திருப்பித் துடைத்திருந்தாள். கதமும் அப்படித்தான். 'தேவாச்சா டிக்கா', சாமிப் பொட்டு, என்று நெற்றியைத் தொட்டுக்கொண்டதை அவளே பார்த்திருக்கிறாள்.

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம், சிரிப்புக்குக் கீழே, வேறொன்று. அந்தப் பொட்டை வைத்தபோது அவள் என்ன வேண்டிக்கொண்டாள் என்று ஞாபகம் வந்தது. 'மானத்தை வாங்கிடாதே' என்று. ஒரு பொருளை நேசிக்கிற இடத்தில் நின்றுகொண்டு அவள் பயந்துபோய்ச் சந்தனம் அப்பியிருக்கிறாள்.

நகத்தால் சுரண்டப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். பக்தியால் இல்லை. நிரூபிக்காமல் ஒரு பிழையைச் சரியாயிற்று என்று முடித்துவைப்பது அவளுக்குப் பழக்கமில்லை.

சனிக்கிழமை காலை, பொட்டு பொட்டாகவே இருக்க, டேங்க்கை விளிம்பு வரை நிரப்பிக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். ஓடும் வண்டி நிற்க வேண்டும் என்று ஒருத்தி வேண்டிக்கொண்டு ஓட்டியது அந்த ரோட்டில் அதுவே முதல் தடவையாக இருக்கும். பதினோராவது நிமிடம். திக்கல், திக்கல், இருமல். சரியாகத் தேஹு ரோடு மதிலோரம். இறங்கிப் போய் மூடியைத் திருகினாள்.

உஸ்ஸ்ஸ்.

எவ்வளவு நேரமாக அடக்கி வைத்த மூச்சோ! திருப்பியே வைத்திருந்த சாவிக்குப் பதில் சொல்வதுபோல் பம்ப் டிக் டிக் டிக்கென்று பேசத் தொடங்கியது. சந்திரிகா நடுத்தெருவில் மூடியும் கையுமாக நின்று, "அப்பிடிச் சொல்லு!" என்று காரைப் பார்த்துக் கத்தினாள். மதிலுக்கு உள்ளேயிருந்து ஒரு சிப்பாய் எட்டிப் பார்த்தான். புடவைத் தலைப்பில் குத்தியிருந்த பின்னை எடுத்து, சந்தனத்தைச் சுரண்டித் துளையைக் குத்தித் திறந்தாள்.

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ஞாயிறு காலை நிக்டி பங்க்கில் ஜெகதீசன் வழக்கம்போல, "டேங்க் நிறையப் போட்டுக்கலாமா? இல்ல, இன்னிக்கு வேண்டாமா?" என்று இழுத்தார்.

"விளிம்பு வரைக்கும் போடுங்க."

அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். பன்னிரண்டு கார்கள், எல்லாம் அறுபது வயதுக்காரர்கள், வரிசையாகக் கிளம்பின. தேஹு ரோடு மதில் வந்தது. ஜெகதீசன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். மதில் முடிந்தது. சோமாட்டணே வந்தது, மூன்றாவது தடவை நின்ற புளியமரம் வந்தது, போயிற்று.

"என்னடி பண்ணுன?" என்றார்.

"லோனாவளால சொல்றேன்."

காம்ஷேத் ஏற்றத்தில் முன்னால் போன வண்டி ஒன்று பானெட்டைத் திறந்துகொண்டு ஓரமாக நின்றிருந்தது. சந்திரிகா மூன்றாவது கியருக்கு இறக்கி மிதித்தாள். அந்தச் சின்ன எஞ்சின் தொண்டையைத் திறந்து பாடிக்கொண்டு மேலே ஏறியது. குளிர்காற்று முகத்தில் அறைந்தது. எதுக்குடி இது என்று அக்கா கேட்டதற்குப் பதில் சொல்ல அவளுக்கு இப்போதும் ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கிடைக்க வேண்டியதில்லை என்று தோன்றியது.

லோனாவளாவில் டீயை நீட்டிவிட்டு ஜெகதீசன் நேரே காரின் பின்பக்கம் போனார். எண்ணெய் எங்கேயாவது ஒழுகுகிறதா என்று குனிந்தவர் மூடியைப் பார்த்தார்.

"இங்க இருந்த சந்தனம் எங்க?"

சொன்னாள். டின், துளை, பொட்டு எல்லாம். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மூணு மாசமா சாமியே வாயப் பொத்தி வெச்சிருந்துச்சா!"

"நானுங்க. சாமி மேல போடாதீங்க."

கதமுக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கத்திலிருந்து, "அந்த டிக்காவைச் சுத்தி எத்தனை தடவை பாலீஷ் போட்டேன் வஹினி!" என்று ஒரு முனகல்.

ஜெகதீசன் தன் போனை எடுத்து பாந்த்ராக்காரருக்கு ஏதோ தட்டி, அவளிடம் காட்டினார். 'காரு வீட்டிலேயே இருக்கும். மன்னிக்கணும்.' அனுப்பிவிட்டுக் கையை நீட்டினார். "போகும்போது நான் ஓட்டட்டா?"

"அடுத்த வருஷம் பாக்கலாம்ங்க" என்று சாவியை முந்தானைக்குள் முடிந்துகொண்டாள்.

திரும்பும் வழியில் முதல் பங்க்கில் நிறுத்தினாள். பையன் குழாயைத் தூக்கிக்கொண்டு வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"கித்னா மேடம்?"

மூடியைத் திறந்தாள். ஒரு சத்தமும் இல்லை.

"ஃபுல்."