முகம் தெரியும் அறை

மார்ச் 14, செவ்வாய்

இன்று ஒரு சிறு தவறு செய்தேன். இரண்டாம் தளப் படத்தில் மாடிப்படியின் அம்புக்குறியை ஏறும் பக்கம் போடுவதற்குப் பதில் இறங்கும் பக்கம் போட்டுவிட்டேன். கட்டட வரைகலை படிக்கும் மாலை வகுப்பில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்த விஷயம். யாரும் கவனிக்கும் முன் திருத்திவிடலாம் என்று புதிய பிரதியைத் திறந்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

எங்கள் அலுவலகம் இப்போது வரைவது ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் புதிய தலைமையகம். அங்கேதான் என் அக்கா வேலை செய்கிறாள். வெளியிலிருந்து வரும் வீடியோ பதிவுகளை, வெட்டுவதற்கு முன் முதலில் பார்ப்பவள் அவள். விபத்து, குண்டுவெடிப்பு, வெள்ளத்தில் மிதப்பவை. எதைக் காட்டலாம், எதை மறைக்க வேண்டும் என்று குறித்துக் கொடுப்பாள். அவர்கள் உட்கார்ந்து பார்க்கும் அறைக்கென்று ஒரு பழக்கம் உண்டு. முதல் தடவை ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பார்கள். தாங்க முடியாதபோது நிறுத்திவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

முந்தைய படத்தில் அந்த அறைக்கு இருந்த சுவர் புதிய பிரதியில் இல்லை. தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் பார்வையாளர் நடைபாதை.

ஆர்கிடெக்டிடம் போனேன்.

“சார், இந்த ரூமுக்குச் சுவர் இருந்துச்சே?”

“எடுத்தாச்சு. செய்தி எப்படித் தயாராகுதுன்னு ஜனங்க பாக்கணும். ஒளிவுமறைவே இருக்கக் கூடாது. கட்டடத்தோட கருத்தே அதுதான்.”

“அங்க உக்காந்து என்ன பாக்கறாங்கன்னு தெரியுமா சார்? பிணம்.”

“ஸ்கிரீன் வெளிய தெரியாதும்மா. மேஜையைத் திருப்பிப் போட்டிருக்கேன். பாக்கறவங்க முகம் மட்டும்தான் தெரியும்.” படத்தில் அந்த இடத்தைப் பென்சிலால் தட்டினார். “அதுதான் அழகே.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நிர்வாக இயக்குநரின் அறை மேல் தளத்தில் இருக்கிறது. நாலு பக்கமும் சுவர், பேச்சு வெளியே கேட்காத கதவு. அதை வரைந்தவள் நான்தான்.

“அப்ப எம்.டி. ரூமுக்கு மட்டும் ஏன் சார் சுவர்? அவர் முகத்துக்கு என்ன குறை?”

பக்கத்து மேஜைக்காரர் சிரிப்பை இருமலாக்கினார்.

“படிக்கப் போனதும் வாய் நீளுது,” என்றார் ஆர்கிடெக்ட். “நாளைக்கு இங்க கூட்டத்துல டி.வி.காரங்க படத்துல கையெழுத்து போடறாங்க. அந்த ரூம்ல நாலு ஆள் படத்தைப் போட்டு வை. லேசா சிரிச்ச மாதிரி.”

மாலை வகுப்பில் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. அதிகமாகப் பேசிவிட்டேனோ? அக்காவே இதைப் பெரிதாக நினைக்காவிட்டால்? வீட்டுக்கு வந்ததும் படத்தை அவளிடம் காட்டினேன். பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் பார்த்தாள்.

“மீன்தொட்டியில மீனுக்காவது ஒரு கல்லு, ஒரு செடி போட்டு வைப்பாங்கடி, ஒளிஞ்சுக்க.”

“நீ உங்க ஆபீஸ்ல சொல்லேன்க்கா.”

“சொன்னா, ‘முடியலன்னா வேற பிரிவுக்குப் போ’ம்பாங்க. நான் ஏன் போகணும்? இந்த வேலையை நான் ஒழுங்கா செய்யறேன்.” குரல் உயர்ந்தது. “போன வாரம் பஸ் விபத்துப் பதிவு வந்துச்சு. ஒரு அம்மா ரோட்டுல குழந்தையோட செருப்பைத் தேடிட்டிருந்தா. செருப்பை மட்டும். அதைப் பாத்தப்ப என் முகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்கே தெரியாது. வேடிக்கை பாக்க வர்றவனுக்குத் தெரியணுமா?”

நாளைக் கூட்டத்தில் இந்தப் படத்துக்குக் கையெழுத்து ஆகப்போவதைச் சொன்னேன்.

“கூட்டம் எத்தனை மணிக்கு?”

“பத்துக்கு. ஆனா உன்னைக் கூப்பிடலையேக்கா.”

“சுவரை எடுக்கறப்பவும்தான் கூப்பிடல. வரேன். பயமா இருந்தா நீ பின்னால நின்னுக்கோ.”

“நான் எதுக்குப் பின்னால நிக்கணும்?” என்றேன். பயம் இருக்கத்தான் செய்கிறது. வேலை போனால் என்ன செய்வேன் என்று யோசித்துப் பார்த்தேன், விடை கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த அறையில் சிரிக்கும் ஆட்களை நான் போடவில்லை. போடவும் மாட்டேன்.

நாளை: மற்றவர்களுக்கு முன்னால் அலுவலகம் போய், அந்த அறைக்கு முழுச் சுவர் வைத்து இன்னொரு படம் வரைந்து, கூட்டத்துக்கு வருகிற எல்லோருக்கும் ஆளுக்கொரு பிரதி எடுக்க வேண்டும்.